வலது பக்கம் மட்டும்

"அந்த சீட்டுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க முதலாளி. சோறு இருக்கும்" என்றார் வண்டி கழுவ வந்த பெண்மணி.

தன்வீர் சிரித்துக்கொண்டே கையை விட்டான். விரலோடு வந்தவை எட்டுச் சோற்றுப் பருக்கைகள். காய்ந்து கல்லாகியிருந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

நகோயா துறைமுகத்தை ஒட்டி அவனுடைய பழைய கார் ஏற்றுமதி யார்டு. இந்த வெள்ளி நிற வேன் சாயங்காலக் கப்பலில் நியூசிலாந்துக்குப் போக வேண்டும். அந்த நாட்டுக்காரர்கள் எஞ்சின் கோளாறைக்கூட மன்னிப்பார்கள். ஒரு விதையை, ஒரு சருகை, ஒரு சிட்டிகை மண்ணை மன்னிக்க மாட்டார்கள். போன மாதம் அப்படி மூன்று வண்டிகள் பரிசோதனையில் திரும்பிவிட்டன. இதுவும் திரும்பினால், அங்கே புதிதாகப் பிடித்த வியாபாரி கேட்டிருக்கும் நாற்பது வண்டிகளும் பக்கத்து யார்டுக்குப் போய்விடும்.

அதனால்தான் கழுவுவதற்கென்றே ஒரு கம்பெனியில் ஆள் அனுப்பச் சொல்லியிருந்தான். ஒன்பது மணிக்கு என்றார்கள். எட்டரைக்கே வாசலில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் குனிந்து வணங்கினார். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் வாளி, பழைய பல் பிரஷ்கள், ஒரு கட்டு மூங்கில் குச்சி. பெயர் ஷிராகி என்றார்.

"கழுவ வந்தவங்கதானே?"

"ஆமா. அந்த வெள்ளி வண்டியைக் கழுவலாமா?"

"தாராளமா! கூலி என்னன்னு இப்பவே பேசிடுவோம் பாஜி." வயது எதுவானாலும் பெண்கள் எல்லாரும் அவனுக்கு பாஜிதான், அக்கா முறை.

"கூலியெல்லாம் வேண்டாம்."

தன்வீர் உஷாரானான். கராச்சியில் அவன் குடும்பமே பேரத்தில் சாப்பிட்ட குடும்பம். விலை கூடுதலாகச் சொல்பவனைச் சமாளித்துவிடலாம். வேண்டாம் என்று ஆரம்பிப்பவர்தான் கடைசியில் சட்டையை உருவிக்கொண்டு போவார் என்பது அவன் வாப்பாவின் அனுபவம். சரி, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கழுவுதல் கணக்கில் சேராது.

"ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்துல கடல் மணல் இருக்கும்" என்றார். இருந்தது. "வைப்பருக்குக் கீழ சகுராப் பூ இதழ்." குச்சியை விட்டு எடுத்தார், பழுப்பேறிய இதழ்கள், ஒரு கைப்பிடி. "சக்கரத்துக்கு மேல, வலது பக்கம் மட்டும், பைன் மரத்து ஊசி இலை. இடது பக்கம் பார்க்க வேண்டியதில்லை."

வியாபாரி சும்மா இருப்பானா? படுத்துக்கொண்டு இடது பக்கமும் டார்ச் அடித்துத் துழாவினான். ஒன்றுமில்லை. வலது பக்கம் கொத்துக் கொத்தாக.

தன்வீர் எழுந்து சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டான். ஏலத்தில் காரை முகர்ந்தே மைலேஜ் சொல்லும் கில்லாடிகளைப் பார்த்திருக்கிறான். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

"பாஜி, இது வித்தையா, வரமா? இங்கேயே வேலைக்கு வந்துடுங்க. மாசச் சம்பளம். அந்தா, வரிசையா நிக்குது பாருங்க."

"மத்த வண்டிங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதே முதலாளி."

பெரிய ஆட்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று தன்வீர் தலையசைத்துக்கொண்டான். சம்பளத்தை மனதுக்குள் கொஞ்சம் ஏற்றியும் வைத்தான்.

இரண்டு மணிக்கு பரிசோதகர் ஒகுனோ வந்தார். டார்ச், நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி. ஒரு மணி நேரம் வண்டியின் மேல், கீழ், உள்ளே எல்லாம் புகுந்து வெளியே வந்தார். தன்வீர் பின்னாலேயே சுற்றினான். ஒகுனோ பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஷிராகி. "இன்னும் ஒண்ணு இருக்கு."

"பாஜி! அவரே கையெழுத்துப் போடறார், நீங்க வேற!"

ஷிராகி காதில் வாங்கவில்லை. பின்கதவை லேசாக ஆட்டினார். உள்ளே எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம். கதவின் உள்பலகையைக் கழற்றி, முழங்கை வரை கையை விட்டு எடுத்தார். உள்ளங்கையில் கோலிகுண்டு அளவில் ஓர் ஓக் மரக் கொட்டை.

"விட்டுடலாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன்" என்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒகுனோ தொப்பியைக் கழற்றினார். "பதினெட்டு வருஷமா இதே வேலை பண்றேன். நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். அங்க இறங்கி முளைச்சிருக்கும்." அவர் ஷிராகியை வணங்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

வேன் கப்பலை நோக்கி நகர்ந்தது. ஷிராகி அதன் பின்னால் இடுப்பு வரை குனிந்தவர், அது மறையும்வரை நிமிரவே இல்லை. அந்த நேரம் தன்வீரின் போன் அடித்தது. கழுவும் கம்பெனிக்காரர்.

"மன்னிக்கணும் தன்வீர்-சான், எங்க வேன் காலையிலேயே வழியில நின்னுபோச்சு. கழுவுற ஆள் இன்னும் இங்கதான் இருக்கார். நாளைக்கு அனுப்பட்டுமா?"

தன்வீர் கையில் கிடைத்த நோட்டுகளை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஷிராகி வாளியோடு வெளியேறிக்கொண்டிருந்தார்.

"பாஜி, நில்லுங்க! உங்களை யார் அனுப்பினாங்க? எவ்வளவுன்னாலும் சொல்லுங்க, பேரமே பேச மாட்டேன்!"

ஷிராகி இரண்டு கைகளாலும் நோட்டுகளைத் திருப்பித் தள்ளினார்.

"பதினோரு வருஷம் அந்த வண்டியில நானும் என் பையனும் போட்ட குப்பை முதலாளி, போன மாசம் விக்கிற அவசரத்துல கூட்டாமக் குடுத்துட்டேன். அதுக்குப் போய் யாராவது கூலி வாங்குவாங்களா?"