அயோவாவில் ஓர் அறை

மூன்று அமெரிக்கக் கல்லூரிகள் டூவாவுக்கு இடம் கொடுத்திருந்தன. இன்று மாலைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் அனுப்ப வேண்டும்.

"கண்ணை மூடிக்கிட்டு பாஸ்டனைப் போடு," என்றார் அப்பா ஹென்ரிக், காபியை உறிஞ்சியபடி.

"கலிஃபோர்னியாவுக்கு என்ன குறைச்சல்? நம்ம ஊர் கோதன்பர்க் மழைக்கு, அங்க வெயிலாவது அடிக்கும்," என்றாள் அம்மா லோவிசா.

"நான் அயோவா போறேன்," என்றாள் டூவா களைப்பாக.

"அயோவாவா!" அதிசயமாக இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"சோளக்காட்டு நடுவுல இருக்குடி அது! எவனாவது பையன் அங்க போறானா?" என்றாள் அம்மா.

"பையனும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. அங்க மட்டும்தான் நாலு வருஷமும் ஒரே அறை. மாத்தவே மாட்டாங்களாம்."

அப்பா சிரித்தார். "போயும் போயும் ஒரு அறைக்காகவா?"

டூவா பொத்தானை அழுத்தினாள். "அனுப்பிட்டேன்."

மணி ஆறு. ஞாயிற்றுக்கிழமை. அப்பா கார் சாவியை எடுத்தார்.

"சரி, இந்த வாரம் என் வீடு. கிளம்பலாமா?"

கதவோரம் தயாராக இருந்த பெட்டியை டூவா தூக்கிக்கொண்டாள். விவாகரத்துக்குப் பிறகு பதினோரு வருடமாக, ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு என்று அலைந்த அந்தப் பெட்டி, எந்த அறையிலும் முழுதாகக் காலியானதே இல்லை.