விழுந்து பார்த்த சாமி

"டீச்சர், போலீஸு! வாசல் கேட்டுக்கிட்ட போலீஸு நிக்குது!"

ஒரு பிள்ளை போட்ட சத்தத்தில் அசன் முகம்மது பாயின் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் நழுவிக் கீழே விழுந்தது. மாநகராட்சி அதிகாரி நாளைக் காலை பத்து மணிக்குத்தான் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. இன்றைக்கே போலீஸை அனுப்பிவிட்டார்களா, பாவிகள்?

பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஜெமிமா டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயோ பாய், கழுத்துல மாலையப் பாருங்க. காலுல செருப்பே இல்ல. குலசைக் கோயில் தசராவுக்கு நேந்துக்கிட்டு வேஷம் கட்டுன சாமி. காணிக்கை கேட்டு வந்திருக்காவ, போங்க."

பாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பதினெட்டு வருஷம் அரபு நாட்டில், தம்மாம் வெயிலில் வெந்து சம்பாதித்ததையெல்லாம் தச்சநல்லூரில் செயற்கைப் புல் மைதானமாக விரித்து வைத்திருந்தார் மனுஷன். திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 'பிளாஸ்டிக் புல்லில் விழுந்தால் பிள்ளைகளுக்குத் தோல் உரிந்து புண்ணாகும், மைதானத்தை மூட வேண்டும்' என்று எவனோ பெருமாள்ராஜாம், மனுக் கொடுத்துவிட்டான். ஆளை யாரும் பார்த்ததுகூட இல்லை. நாளை அதிகாரி அதை நம்பிவிட்டால் கேட்டுக்குப் பூட்டுதான். பாய்க்கு மறுபடியும் விமானம். ஜெமிமாவின் பிள்ளைகளுக்கு மறுபடியும் ஜல்லி கிடக்கும் பொட்டல்.

போலீஸ் வேஷ சாமியின் தட்டில் காணிக்கையை வைத்தார் பாய். சாமி நகர்கிற வழியாக இல்லை. குனிந்து புல்லைக் கிள்ளிப் பார்த்தார்.

"ஏன் பாய், இதுல விழுந்தா தோலு உரிஞ்சிரும்னு சொல்லுதாங்களே?"

பாய்க்குச் சுருக்கென்றது.

"அது அந்தக் காலத்துச் சரக்கு சாமி. கட்டையா, சாக்கு கணக்கா சொரசொரன்னு இருக்கும். விழுந்தா முட்டி போயிரும், நெசந்தான். பெறவு மாத்தி மாத்திச் செஞ்சு இப்ப எங்கன வந்து நிக்குது பாரும்! இழையை நீளமா, மெதுவா ஆக்கிட்டான். நடுவுல மணலு, ரப்பர்த் துகள். அடியில மெத்தை மாதிரி ஒரு விரிப்பு. அமுக்கித்தான் பாருமே."

சாமி அமுக்கிப் பார்த்தார்.

"வெயில்ல சுடுமே?"

"சுடும். ஒளிக்க மாட்டேன். அதான் மத்தியானம் பூட்டி வச்சிட்டு, சாயங்காலம் கொஞ்சம் தண்ணி தெளிச்சுத் திறக்கேன்."

"மழை பெஞ்சா?"

"நேத்து பெஞ்ச மழையில பக்கத்து வண்ணார்பேட்டையில பஸ்ஸே நீந்திச்சு வே! இங்கன மழை விட்டு அரை மணி நேரத்துல பிள்ளைங்க ஆட எறங்கிருச்சுவ. அடியில ஓட்டை இருக்கு, தண்ணி நிக்காது. தினம் பாய்ச்ச வேண்டாம், வெட்ட வேண்டாம், உரம் போட வேண்டாம். வருஷம் பூரா பச்சை."

கேள்வி நின்றபாடில்லை. பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. பைய ஜெமிமாவின் பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தார்.

"டீச்சர், இது நெசமாவே வேஷம்தானா? நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டு, அந்த ஆபீசரே இன்னைக்கு இப்படி வந்துட்டாரோ?"

ஜெமிமாவுக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. ஆனாலும் அசருகிற ஆளா அவர்?

"சாமி, பேசிக்கிட்டே இருந்தா ஆச்சா? கோல்ல நில்லுங்க. எங்க கேப்டன் அஞ்சலின் ஒரு அடி அடிக்கட்டும். விழுந்துதான் பாருங்களேன்!"

சாமி கொஞ்சம் தயங்கினார். பிறகு தொப்பியையும் தட்டையும் ஓரமாக வைத்தார். சட்டையை முழங்கைக்கு மேலும் பேண்ட்டை முட்டிக்கு மேலும் சுருட்டிக்கொண்டு கோலில் போய் நின்றார்.

அஞ்சலின் அடித்த பந்து இடது மூலைக்குச் சீறிக்கொண்டு போனது. சாமி பாய்ந்தார். அம்மாடி, என்ன பாய்ச்சல்! பந்தைத் தட்டிவிட்டு, தொப்பென்று விழுந்து, இரண்டு முழம் சறுக்கிக்கொண்டு போனார். பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சாமி எழுந்து முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். முட்டியைத் தடவிப் பார்த்தார். கறுப்புத் துகள் நாலைந்து ஒட்டியிருந்தது. தட்டிவிட்டார். தோலில் ஒரு கீறல் இல்லை.

"இன்னொன்னு அடி தாயி!"

வலது பக்கம் பாய்ந்தார். "இன்னும் பலமா!" மறுபடி பாய்ந்தார். பந்தே வராதபோதும் ஒரு தடவை தானாகவே விழுந்து பார்த்துக்கொண்டார். பிள்ளைகளெல்லாம் "சாமி! சாமி!" என்று கூச்சல் போட்டுக் கைதட்டினார்கள். ஏழாவது தடவை விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மல்லாந்து கிடந்து வாய்விட்டுச் சிரித்தார். கண்ணோரம் ஈரமாகியிருந்தது.

ஜெயிச்சாச்சு! பாய் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினார்.

"சார், இனி மறைக்காதீங்க. நீங்கதானே அந்த ஆபீசர்? நல்லா விழுந்து பாத்துட்டீங்கள்லா? அந்தப் பெருமாள்ராஜ் மனுவைக் கிழிச்சுப் போட்டிருங்க சார்!"

"ஆபீசரா? நான் வேஷக்காரன்தான் பாய். இருவது வருஷத்துக்கு முன்னால கோல்கீப்பரா இருந்தேன். வெளியூர்ல, நீரு சொன்ன அந்தப் பழைய சரக்குல விழுந்து, முட்டி உரிஞ்சு, சீழ் வச்சு, அதோட என் ஆட்டமே போச்சு. இங்கன ஒரு பிள்ளை முட்டியிலயாவது காயம் இருக்கும், பாத்துட்டுப் போவோம்னுதான் வந்தேன்."

பாயும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள்.

சாமி கழுத்து மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மாலை போட்டுக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாது பாய். அந்தப் பெருமாள்ராஜ் நான்தான். நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன், ஆபீசர் முன்னால நானே விழுந்து காட்டுதேன்!"