ஒன்பது செவ்வாய்க்கிழமை

"புதுக் கேம் கொன்சோல் வந்த அண்டு, வெள்ளவத்தைக் கடையில ஐந்நூறு பெடியள் விலகி, என்னை ராஜா மாதிரிக் கியூவின்ர முன்னுக்கு விட்டாங்கள். கேமும் கவரும் அவங்களே வாங்கித் தந்தாங்கள்!" என்றேன் நான்.

"புளுகாத! பென்சன்காரனுக்கு ஆரடா அப்பிடிச் செய்வான்?" கொட்டாஞ்சேனையே அதிரச் சிரித்தான் ஒஸ்வால்ட்.

அவன் மகனைப் புதிதாகக் கட்டிய ரொஷேல் தேத்தண்ணியோடு வந்தாள்.

"அங்கிள், நீங்களா! நானும் அந்தக் கியூவில நிண்டனான். களுபோவில ஆஸ்பத்திரியில இருக்கிறார் எண்டு அங்க சொன்னீங்களே, உங்கட பேரனுக்கு இப்ப சுகமா? அவருக்காக அந்தோனியார் கோயிலுக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமை போறதா நேர்ந்திருக்கிறன்."

என் காற்சட்டைப் பைக்குள் அந்தக் கையடக்கக் கொன்சோல் 'டிங்' என்றது.

கலியாணமே கட்டாத என்னை ஒஸ்வால்ட் மேலும் கீழும் பார்த்தான். நான் பைக்குள் கைவிட்டுக் கொன்சோலை அணைத்தேன்.

"பேரனுக்குச் சுகம், மகள்," என்று அவளை அனுப்பியவன், என் பக்கம் திரும்பினான்.

"நீ சொன்னது நடந்ததுதான்டாப்பா."