நகத்தில் போட்ட கோடு

"சாக்ஸைக் கழட்டுங்க சார்" என்று நர்ஸ் மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் லிஃப்ட் மெக்கானிக் குனிந்தார். எட்டு வாரமாக மனைவி முன்னால்கூடக் கழற்றாத சாக்ஸ் அது. படுக்கையிலும் போட்டுக்கொண்டு, குளிருது என்று ஒரே சாதிப்பாகச் சாதித்திருந்தார்.

வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துக் கிடந்தது. ஐம்பது வயதில் ஓட்டப் பித்துப் பிடித்து, புது ஷூ போட்டு, மலைச்சரிவில் தடதடவென்று ஓடி இறங்கியதற்குக் கிடைத்த பரிசு.

"ரத்தக்கட்டாத்தான் இருக்கும். ஆனா நகத்துக்கடியில வர்ற புற்றுநோயும் இப்படித்தான் தெரியும். எதுக்கும் எட்டு வாரம் பார்த்துடுவோம்" என்று டாக்டர் அன்று சொன்னார். அதில் முதல் வாக்கியம் இவர் காதிலேயே ஏறவில்லை. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

"நகத்துல போட்ட அந்தக் கோடு விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க சிஸ்டர்."

"கறுப்பு அடிப்பக்கம் எங்க முடியுதோ, அங்க நகத்துல சின்னதா ஒரு கோடு கீறினேன் இல்லையா? நகம் வளர வளர கோடு முன்னால போகும். ரத்தம்னா அதுவும் கூடவே போயிடும். பின்னால நல்ல நகம் முளைக்கும்."

"போகலைன்னா?"

"கோட்டுக்குப் பின்னாலயும் கறுப்பு வந்துட்டா, அப்ப வேற பேச்சு."

அவள் பூதக்கண்ணாடியையும் சின்ன ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு குனிந்தாள். அவள் ஸ்கேலை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்து அளந்ததைப் பார்த்ததும், முடிந்தது கதை என்றே இவர் நினைத்துவிட்டார்.

"மூணு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கு சார். பின்னால பாருங்க, சுத்தமான நகம். வெறும் ரத்தக்கட்டுதான். டாக்டர்கிட்டயும் காட்டிடறேன்."

இவர் கூச்சமே இல்லாமல் அழுதார். "இப்பத்தான் சிஸ்டர் போன உசிரு திரும்பி வந்துச்சு."

அவள் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். "அடுத்த ஷூ அரை சைஸ் பெருசா வாங்குங்க. நகத்தை நேரா வெட்டுங்க. இது தானா விழும், பிடுங்கி வைக்காதீங்க."

"ஓடறவங்க எல்லாருக்கும் இப்படி வருமா?"

"நிறையப் பேருக்கு வரும். ஷூ இடிச்சுக் கறுத்தா பயமில்ல. எந்த அடியும் படாம தானா கறுக்குது பாருங்க, அதுக்குத்தான் பயப்படணும்." பஞ்சை மடித்துத் தொட்டியில் போட்டாள். "அன்னைக்கு ரெண்டு பேருக்குக் கோடு போட்டேன். உங்களுது நல்லபடியா முடிஞ்சுது."

"இன்னொருத்தருக்கு?"

"இன்னும் பார்க்கல."

"அவருக்கும் ஒண்ணும் இருக்காது. என் ராசி ஒட்டிக்கும்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் நர்ஸ்.

டாக்டரும் பார்த்துத் தலையாட்டிவிட்டார். அவ்வளவுதான், லிஃப்டே கதி என்று வாழ்ந்த மனுஷன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். "இன்னையிலேர்ந்து குளிராதுடி" என்று மனைவிக்குப் போன் போட்டுச் சிரித்தார். அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

வாசலுக்கு வந்த பிறகுதான் வலது ஷூவுக்குள் வெறுங்கால் உறுத்தியது. சந்தோஷத்தில் ஒரு சாக்ஸை அங்கேயே விட்டுவிட்டார். மறுபடி மூன்று மாடி ஏறி, தட்டாமல் கொள்ளாமல் கதவைத் தள்ளினார்.

இவர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் ஷூவும் சாக்ஸும் தரையில் கிடந்தன. கட்டைவிரல் நகம் கருகருவென்றிருந்தது. கையில் அந்தச் சின்ன ஸ்கேல்.

"அட, நீங்களும் நம்ம கட்சிதானா! சொல்லவே இல்லையே சிஸ்டர். தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடறீங்க?"

கேட்ட பிறகுதான் அவள் நகத்தில் இருந்த கோடு அவர் கண்ணில் பட்டது. அதற்கு முன்னாலும் கறுப்பு, பின்னாலும் கறுப்பு.

அவள் நிமிரவில்லை.

"நான் ஓடறதே இல்ல சார்."