நகுலேஸ்வரியின் முழங்கால்

"அம்மா, உங்கட போனை இஞ்ச தாங்கோ. ஹோலுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டினம்."

சயந்தினி சொன்னது பச்சைப் பொய். அந்தக் கச்சேரி மண்டபத்துக்குள் யானையைக் கொண்டுபோனாலும் கேட்க ஆளில்லை.

"இந்தா, நீயே வச்சிரு." அம்மா நகுலேஸ்வரி மறுபேச்சில்லாமல் நீட்டினாள். அப்பாடா! சயந்தினி போனை நிறுத்திக் கைப்பைக்குள் போட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

காலையில் பேஸ்புக்கில் பார்த்த செய்தி நெஞ்சுக்குள் கிடந்து குடைந்தது. கனடாவில் பெரியப்பா காலமாகிவிட்டார். அப்பாவின் சொந்த அண்ணன். அம்மாவின் காதில் விழுந்தால் வீட்டுக்கே துடக்கு, சாவுத்தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, பாட்டு அறவே இல்லை. துடக்கு விஷயத்தில் அம்மாவோடு சாமியாலும் வாதாட முடியாது.

பெரியப்பா தொண்ணூறு தாண்டியவர், படுக்கையில் கிடந்து பட்ட பாடு கொஞ்சமில்லை. பாவம், அவருக்காக நாளைக்கு ஆற அமர அழலாம். இன்றைக்கு அழுதால் தொண்டை போய்விடும்.

இத்தனை வருடமாக பப் மூலைகளிலும், ஊரார் கலியாணங்களிலும், யார் யாருக்கோ பின்னால் நின்றும் சோல், ஃபங்க் என்று ஆங்கிலப் பாட்டுகள் பாடியவள் அவள். லண்டன் பிரிக்ஸ்டனில் பெரிய மேடை, சொந்த இசைக்குழு, வாசலில் தன் பெயர் எல்லாம் இன்றைக்குத்தான். "சங்கீதம் படிப்பிச்சது உந்தக் கத்தலுக்கோ?" என்று கேட்டே காலத்தைக் கழித்த அம்மா, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கேட்க வருவதும் இன்றைக்குத்தான்.

அம்மாவின் கோயில் இருக்கும் ஸ்ட்ரெதம் வந்ததும்தான் சயந்தினிக்கு நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை! அம்மா கோயிலைத் தவறவிட்டதே இல்லை. உள்ளே யாராவது துக்கம் விசாரித்தால் எல்லாம் போச்சு. ஆனால் போவோமோ என்று தான் கேட்காமல் விட்டால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"கோயிலடியில நிப்பாட்டவோ, அம்மா?"

"வேண்டாம் பிள்ளை, முழங்கால் நோகுது. நேர விடு காரை."

முருகா, நீ இருக்கிறாய் என்று மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

மேடையில் அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், சனம் எழும்பிவிட்டது. முன்வரிசையில் அம்மாவும் எழும்பி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரியோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தாள்! அதைப் பார்த்த சயந்தினிக்குக் குரல் அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்தது. அப்படி அவள் ஒருநாளும் பாடியதில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து அம்மா அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள்.

"கத்தலெண்டு சொன்ன என்ர வாயில அடி போடோணும். என்ன பாட்டடி பிள்ளை இது!"

சயந்தினியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அம்மா, கோவிக்காதேங்கோ. காலமையே எனக்குத் தெரியும், நான்தான் உங்களுக்குச் சொல்லாமல் மறைச்சுப்போட்டன். கனடாப் பெரியப்பா..."

அம்மா வாயைப் பிளந்தாள்.

"ஐயோ, உனக்கும் தெரியுமோ? நேற்றே எனக்குச் சொல்லிப்போட்டினம். நீ பாடி முடியுமட்டும் உனக்குச் சொல்லக்கூடாதெண்டு எல்லாரையும் மறிச்சதே நான்தான்! என்ர முழங்காலுக்கு என்ன கேடு? துடக்கோட கோயிலுக்குள்ள எப்பிடிப் போறது?"