கொடியாட்டுக்கு ஒரு கட்டை

ஏறிவிடும், இன்னும் ஒரே தாவல்தான் என்று பொன்மணி புது ஆட்டையே பார்த்து நிற்கிறாள். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் சோதனை வெடி அதிர்கிறது. அவள் வளர்க்கும் கன்னி இனத்து ஆடுகள் இரண்டும் காதைக்கூட அசைக்காமல் அசைபோடுகின்றன. நேற்று சந்தையில் வாங்கிவந்த கொடி இனத்து ஆடோ நெட்டைக் கால்களை மடக்கி எம்பி, குட்டிச்சுவரில் ஏறிவிடுகிறது. சாய்ந்த வெயிலில் அதன் வெள்ளை உடம்பின் கரும்புள்ளிகள் மினுங்குகின்றன. "கன்னி ரெண்டும் ஒன்னைய மாதிரி பேசாம கெடக்கு. இது ஆடா, கொரங்கா?" என்றபடி கணவன் மாரிக்கண்ணன் கயிறு கோத்த மரக்கட்டையை அவள் கையில் திணிக்கிறான். "கழுத்துல மாட்டிவிடு. ஓடுறப்ப முட்டியில இடிச்சா தன்னால அடங்கிரும்." ஆடு பின்னங்கால்களில் நிமிர்ந்து வேப்பங்கிளையை எட்டுகிறது. கிளை வளைந்து, கொழுந்து அதன் வாயில் சிக்குகிறது. பொன்மணிக்குச் சிரிப்புப் பொங்கி வருகிறது. கட்டையைக் கீழே வைக்கிறாள். "நான் மாட்டலங்க," என்கிறாள் மெல்ல, கிளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.