ஒழுகும் மூலை

"அமைச்சர் ஐயா வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்க!"

முகாம் குழுச் செயலாளர் தனபாலன் போட்ட சத்தத்தில் மண்டபமே எழுந்து நின்றது. கூரை ஒழுகும் மூலையில் எந்நேரமும் விரிந்து கிடக்கும் இருளப்பனின் பாய்கூட இன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

காகிதப்பூ மாலையும் தொளதொள வெள்ளைச் சட்டையுமாக உள்ளே வந்தவர், கூட்டத்தைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுக் கதிரையில் அமர்ந்தார்.

"பேசுங்க அங்கம்மாக்கா, பயப்படாதீங்க" என்று தனபாலன் அவளை முன்னே தள்ளினான்.

அங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கடுகண்ணாவைப் பக்கம் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் மண்ணோடு போன நாளிலிருந்து அத்தனை குடும்பத்துக்கும் இந்த மண்டபம்தான் வீடு. மாதம் முடிய இதையும் மூடிக் கலியாண மண்டபமாக்கப் போகிறார்களாம். அமைச்சர் மனம் இளகாவிட்டால் பிள்ளைகளோடு றோட்டில்தான் நிற்க வேண்டும்.

"ஐயா, மழ விட்டிருச்சு, ஆனா மல இன்னும் வெடிச்சுத்தான் நிக்குது. எங்கள அங்க திருப்பி அனுப்பிடாதீங்க. வீடு கட்டிக் குடுக்கிற வரைக்கும் இந்த முகாம மூடாதீங்க."

வழக்கமாக இந்த இடத்தில்தான் பெரிய மனிதர்களுக்கு ஃபோன் வரும். "மனுவாக் குடுங்கம்மா" என்று எழுந்துவிடுவார்கள். இதுவரை கொடுத்த மனுக்களை அடுக்கியிருந்தால் ஒரு சுவராவது எழும்பியிருக்கும்.

இவரோ முன்னால் குனிந்து கேட்டார். "ராத்திரியில பிள்ளைக தூங்குதுகளா?"

அங்கம்மா திகைத்துப்போனாள். இப்படி ஒரு கேள்வியை எந்த அதிகாரியும் அவளிடம் கேட்டதில்லை.

"எங்கங்க ஐயா? மழச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உக்காந்துக்குதுக."

"உக்காராம என்ன செய்யும்? அந்த மூலையில தகரம் ஒழுகுது. கீழ வைக்கிற வாளியும் ஓட்ட. அங்க படுக்கிறவன் பாடு அவனுக்குத்தான் தெரியும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தனபாலன் திரும்பி முறைத்தான்.

அவர் மாலையைக் கழற்றிக் கதிரையில் மாட்டிவிட்டு எழுந்தார். குரல் மண்டபத்தை நிறைத்தது.

"ஒருத்தரும் இங்கேருந்து எறங்க வேணாம்! கலியாணம் கட்டுறவன் கண்டி டவுன்ல வேற மண்டபம் பாத்துக்கட்டும். வீடு கட்டி முடியிற வரைக்கும் முகாம் இருக்கும். எடம் பத்தலன்னா என் பங்களாவுக்கு வாங்க, அங்க அற அறயா சும்மாதானே கெடக்கு!"

கூட்டத்திலிருந்த பாப்பம்மா விசிலடித்தாள். கிழவர்கள்கூடக் கை தட்டினார்கள். அங்கம்மாவோ முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் சொன்னதைக் கடைசிச் சொல் வரைக்கும் ஒருவர் கேட்டது அன்றுதான்.

தனபாலன் மட்டும் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒத்திகையக் கெடுக்காதீங்க இருளப்பண்ணே, எந்த அமைச்சரு இப்படிப் பேசுவாரு?"